நங்கூரத்தின் பிடி

நங்கூரம் கப்பலைக் கடலடியோடு பிணைத்து வைக்கும் கருவி. அந்த இரும்பின் எடைதான் கப்பலை நிறுத்துகிறது என்று கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது பொருந்தாது. சரக்கோடு சேர்ந்து ஒரு லட்சம் டன்னைத் தாண்டும் கப்பலுக்கும் நங்கூரம் 12 டன், 15 டன் அளவில்தான் இருக்கும். நீருக்குள் இறங்கியதும் அந்த எடையிலும் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். நங்கூரம் நிற்பது மண்ணைத் தோண்டி உள்ளே புதைவதால். அதைப் புதையவைப்பவை இரண்டு: அதன் வடிவம், அதை இழுக்கும் சங்கிலி கிடக்கும் கோணம். இந்த இரண்டாவது விஷயம் தெரியாதவரை நங்கூரத்தைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

தென்கேரளக் கரையில் இந்த அறிவு இப்போது முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊர்களுக்குப் பூவாறும் பொழியூரும் பக்கத்துக் கடற்கரைகள். அங்கிருந்து வடமேற்கே சற்றுத் தொலைவில் விழிஞ்ஞம். ஆய் மன்னர்கள் காலத்திலிருந்து பெயர் பெற்ற அந்தத் துறைக்கு 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற முதல் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள எம்எஸ்சி ஐரினா என்ற கப்பல் அங்கே வந்து நின்றது. இயற்கையாகவே 20 மீட்டரை ஒட்டிய ஆழம், பன்னாட்டுக் கப்பல் தடத்திலிருந்து ஏறத்தாழ 10 கடல்மைல் தூரம் என்ற இரண்டும் விழிஞ்ஞத்தின் சிறப்பு. துறைமுகம் பெருகப் பெருக, முறை வரும்வரை வெளிக்கடலில் காத்து நிற்கும் கப்பல்களும் பெருகும். மீன்பிடிப் படகுகள் போய்வரும் அதே நீரில்தான் அவை நிற்கும்.

தண்டும் கையும்

பாகங்களைப் புரிந்துகொள்ளப் பழைய நங்கூரமே ஏற்றது. சின்னங்களிலும் தொப்பி முத்திரைகளிலும் காணப்படும் அந்த வடிவத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை தரப்படுத்தியது. நடுவே நீண்டு நிற்பது தண்டு. தண்டின் ஒரு முனையில் கயிறோ சங்கிலியோ மாட்டும் வளையம். மறுமுனை அடிப்பகுதி, அதிலிருந்து இரண்டு கைகள் வில்போல வளைந்து பிரியும். ஒவ்வொரு கையின் முனையிலும் அகன்ற தகடு ஒன்று உண்டு. அதுதான் அலகு. அலகின் கூர்நுனி மண்ணைக் கிழித்து வழி திறக்கும். அதன் அகன்ற முகம் உள்ளே போன பின் மண்ணை எதிர்த்து நிற்கும்.

இவை மட்டும் இருந்தால் நங்கூரம் கடலடியில் தட்டையாகப் படுத்துவிடும். இரண்டு கைகளும் மண்ணின் மேலேயே கிடக்க, கப்பல் அதை இழுத்துக்கொண்டே போகும். இதற்கு விடையாக வந்தது குறுக்குத்தடி. வளையத்துக்கு அருகே, கைகள் இருக்கும் தளத்துக்குச் செங்குத்தாக அது பொருத்தப்பட்டிருக்கும். நங்கூரம் எப்படி விழுந்தாலும் சங்கிலி இழுத்ததும் நீளமான அந்தத் தடி கடலடியில் படுக்கவே முயலும். தடி படுத்தால் கைகளில் ஒன்று கட்டாயம் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். இழுவை தொடரத் தொடர அந்த அலகு ஏர்க்கொழுபோல நிலத்தில் இறங்கும்.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. இத்தாலியின் நேமி ஏரியிலிருந்து 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிப்பட்ட ரோமப் பேரரசன் கலிகுலாவின் கப்பல்களோடு, கழற்றி வைக்கக்கூடிய குறுக்குத்தடி கொண்ட இரும்பு நங்கூரமும் கிடைத்தது. கிபி முதல் நூற்றாண்டில் கண்டுபிடித்து, பின்பு மறந்து, ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி எட்டிய வடிவம் அது. இந்தியப் பெருங்கடலில் ஓடிய மரக்கலங்களோ நீண்ட காலம் கல் நங்கூரங்களை நம்பியிருந்தன. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் துவாரகை, பேட் துவாரகை கடலடிகளில் இவற்றைப் பெருமளவில் கண்டெடுத்தனர். வட்டக்கல்லில் ஒரே துளை உள்ளவை ஒரு வகை. முக்கோணக் கல்லில் மூன்று துளைகள் உள்ளவை இன்னொரு வகை: மேல் துளையில் கயிறு, கீழ்த் துளைகளில் மண்ணைக் குத்தும் மரமுளைகள். மூன்றாவது, ஒரு முனை ஒடுங்கிய நீண்ட சதுரத்தூண் வடிவக் கல். அதன் கீழ்ப்பகுதியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சதுரத் துளைகள் உண்டு. அவற்றில் மரக்கட்டைகளைச் செருகினால் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கட்டை நிலத்தைக் குத்தும். வெறும் பாரத்தை நம்பாமல் நிலத்தைக் குத்திப் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கல்தச்சர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குறுக்குத்தடி நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கப்பலில் ஏற்றி வைப்பது பெரும்பாடு. அலகும் தடியும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் நீட்டிக்கொண்டிருப்பதால் தனிப் பாரந்தூக்கி வேண்டும். புரளும் கடலில் அந்த வேலையில் விரல்களை இழந்த மாலுமிகள் பலர். மேல்நோக்கி நிற்கும் மறு கையில் கப்பலின் சொந்தச் சங்கிலியே சுற்றிக்கொள்வதும் உண்டு. அதனால் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் குறுக்குத்தடி இல்லாத நங்கூரத்துக்கான முயற்சிகள் நடந்தன. 1821இல் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பதிவானது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வகை நங்கூரமே பெரிய கப்பல்களில் வழக்கமாயிற்று.

இன்று விழிஞ்ஞத்துக்கு வரும் கப்பல்களின் முகப்பில், இரு பக்கமும் ஒவ்வொன்றாகத் தொங்குபவை இவைதான். இதில் தண்டு தனி, தலை தனி. கனத்த தலையில் இரண்டு அலகுகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்து நிற்கும். தலையும் தண்டும் ஒரு ஊசியச்சில் இணைந்திருப்பதால் அலகுகள் தண்டிலிருந்து ஏறக்குறைய 45 பாகை வரை எந்தப் பக்கமும் சாயும். தலையின் அடியோரத்தில் தோள்போலப் புடைத்த விளிம்புகள் உண்டு. சங்கிலி இழுக்கும்போது அந்தத் தோள்கள் நிலத்தில் தடுக்கி அலகுகளைக் கீழே சாய்க்கும். பின் இரண்டு அலகுகளும் சேர்ந்தே புதையும். தலை கனமாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் நங்கூரத்தின் மொத்த நிறையில் குறைந்தது 60 சதவீதம் தலையில் இருக்க வேண்டும் என்று கப்பல் தரநிர்ணய அமைப்புகள் விதித்துள்ளன. பிடிப்பில் இது பழையதைவிடக் குறைவு. மண்ணுக்கேற்பத் தன் நிறையைப்போல மூன்று, நான்கு மடங்கு விசையைத் தாங்கினால் அதுவே நல்ல பிடி. ஆனாலும் சங்கிலியை இழுத்தால் தண்டு நேராகக் கப்பல் முகப்பின் குழாய்க்குள் நுழைந்துவிடும் என்ற ஒரே வசதிக்காக உலகம் இதை ஏற்றுக்கொண்டது.

பிடிப்புக் குறையை ஈடுசெய்ய அலகு அகன்ற வகைகள் வந்தன. சாதாரண வகையைப்போல இரு மடங்கு பிடித்தால் அது உயர்பிடி நங்கூரம் எனப்படும். அதன் நிறை நான்கில் மூன்று பங்கு இருந்தால் போதும். சிறு படகுகளுக்கென 1933இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் கலப்பை வடிவில் ஒன்றை வடிவமைத்தார். இடம் மாறாமல் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய மிதவைகளுக்கும் விளக்குக் கப்பல்களுக்கும் காளான் நங்கூரம் உண்டு. ஸ்காட்லாந்தின் பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் கட்டும்போது, 1807இல், ராபர்ட் ஸ்டீவன்சன் அதைப் பயன்படுத்தினார். கவிழ்ந்த காளான்போன்ற அதன் தலை வண்டலில் மெல்ல மெல்ல அமிழ்ந்து, நாளாக ஆகப் பிடி கூடும்.

சங்கிலியின் வேலை

நங்கூரம் என்னும் ஏற்பாட்டில் பாதிக்கு மேல் சங்கிலிதான். கப்பலிலிருந்து நங்கூரம் வரை அது நேர்கோடாக நீட்டி நிற்பதில்லை. தன் பாரத்தால் தொய்ந்து, பெரும்பகுதி கடலடியிலேயே படுத்து, கப்பலை நெருங்கும்போதுதான் மேலே வளைந்து ஏறும். அடியில் படுத்திருக்கும் பகுதி நங்கூரத்தின் தண்டைக் கிடைமட்டமாக இழுக்கிறது. கிடைமட்ட இழுவையில் அலகு மேலும் மேலும் புதையும். இழுவை மேல்நோக்கித் திரும்பினால் அதே அலகு பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். தண்டு தரையிலிருந்து 5 பாகை எழுந்தாலே பிடியில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும் என்றும், 15 பாகையில் பாதி போய்விடும் என்றும் மாலுமிகளுக்கான கைந்நூல்கள் எச்சரிக்கின்றன.

சங்கிலியின் தொய்வுக்கு இன்னொரு பயனும் உண்டு. காற்று ஓங்கி அடித்துக் கப்பலைப் பின்னே தள்ளும்போது, அடியில் கிடக்கும் கண்ணிகள் ஒவ்வொன்றாக எழும்பும். அவ்வளவு பாரத்தைத் தூக்குவதிலேயே அந்தத் தள்ளுவிசை செலவாகிறது. காற்று தணிந்ததும் கண்ணிகள் திரும்பப் படுத்து, கப்பலை முன்னே கொண்டுவருகின்றன. நங்கூரத்துக்குப் போய்ச் சேர்வது திடீர் வெட்டு அல்லாமல் சீரான இழுவை மட்டுமே.

இரும்புச் சங்கிலி வருவதற்கு முன் இந்த வேலையைக் கயிறு செய்தது. ஐரோப்பியக் கப்பல்களில் சணல்வகை நார்வடம். இந்தியப் பெருங்கடலில் தென்னைநார்க் கயிறு. தேங்காய்நார் உப்புநீரில் எளிதில் அழுகாது, நன்றாக நீண்டு கொடுக்கும், நீரில் மிதக்கும். அலையின் உதறலை அது தன் நீட்சியிலேயே வாங்கிக்கொள்ளும் என்பதால் ஐரோப்பிய மாலுமிகளும் அதை விரும்பினர். திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள அஞ்சுதெங்கின் பெயர் கயிறு வணிகத்தில் ஒரு தரத்தின் பெயராகவே நிலைத்திருக்கிறது. பெரிய கப்பல்களுக்கு ஏற்ற இரும்புச் சங்கிலியை பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 1808இல் பெனிலோப்பி என்ற கப்பலில் சோதித்தார். பாறையில் தேய்ந்தாலும் அறாது என்பதால், சில பத்தாண்டுகளுக்குள் நார்வடம் விலகிப்போயிற்று.

நங்கூரச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். கண்ணி இழுபட்டு நசுங்காமலும், சங்கிலி முறுக்கிச் சிக்காமலும் அது காக்கிறது. சங்கிலியின் பருமனைக் கண்ணி செய்த கம்பியின் விட்டத்தால் சொல்வார்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 220 கிலோ எடை இருக்கும். 27.5 மீட்டர் நீளம் ஒரு துண்டு; அதை ஒரு ஷேக்கிள் என்பார்கள். மீனவர் ஆழம் அளக்கும் பாகக் கணக்கில் அது 15 பாகம். ஆக ஒரு ஷேக்கிள் சுமார் 6 டன். எட்டு ஷேக்கிள் நீருக்குள் போனால் 48 டன். அதன் முனையில் தொங்கும் நங்கூரம் 12 டன்தான் இருக்கும். துண்டுகளை இணைக்கும் சிறப்புக் கண்ணிகளின் இருபுறமும் வெள்ளைச் சாயம் பூசி, குறிப்பிட்ட கண்ணியில் கம்பியும் சுற்றி வைப்பார்கள். எத்தனை ஷேக்கிள் வெளியே போயிற்று என்பது இருட்டிலும் கையால் தடவித் தெரியும்.

எவ்வளவு விடுவது? ஆழத்தின் ஐந்து முதல் ஏழு மடங்கு என்பது பொதுக்கணக்கு. ஆழம் குறைந்த இடத்தில் அதைவிடக் கூடும். ஆழத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால் தேவையான ஷேக்கிள் எண்ணிக்கை வரும் என்ற சூத்திரமும் உண்டு. 25 மீட்டர் ஆழத்துக்கு ஏழரை ஷேக்கிள், அதாவது 200 மீட்டருக்கு மேல். பெரிய கப்பல்கள் ஒவ்வொரு பக்கமும் 12, 13 ஷேக்கிள் வைத்திருக்கும்.

இந்த எண்களில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உயர்தர எஃகில் செய்த 100 மில்லிமீட்டர் சங்கிலி அறுபட 700 டன் அளவுக்கு விசை வேண்டும். 12 டன் நங்கூரத்தின் பிடியோ 50 டன்னுக்குள். எனவே ஒழுங்காக வைத்திருந்தால் சங்கிலி அறுவதற்கு நெடுமுன்பே நங்கூரம் மண்ணை விட்டு நகரும். கப்பலின் மாலுமிகள் அஞ்ச வேண்டியது அறுதலைவிட இந்த நகர்தலைத்தான்.

முகப்புத் தளத்தில்

நங்கூரம் வெளியே தொங்கும் குழாயின் மேல்வாய் கப்பலின் முன்தளத்தில் திறக்கிறது. அங்கிருந்து வரும் சங்கிலி முதலில் ஒரு தடுப்பானைக் கடக்கும். கண்ணியின் மேல் குறுக்காக விழும் கனத்த இரும்புச் சட்டம் அது. கப்பல் ஓடும்போதும் நங்கூரத்தில் நிற்கும்போதும் உண்மையான பாரத்தைத் தாங்க வேண்டியது இந்தத் தடுப்பான்தான். சங்கிலியின் அறுவிசையில் 80 சதவீதம் வரை தாங்கும்படி அதைச் செய்கிறார்கள். அடுத்து விண்ட்லஸ் என்ற இழுவை எந்திரம். கண்ணிகள் பொருந்தி உட்காரும் பள்ளங்கள் வெட்டிய சக்கரம், அதை எந்திரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் ஒரு கிளட்ச், சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் பட்டை பிரேக் ஆகியவை அதன் உறுப்புகள். சக்கரத்தைத் தாண்டிய சங்கிலி வேறொரு குழாய் வழியாகக் கீழே சங்கிலி அறைக்குள் விழுந்து குவியும்.

சங்கிலியின் கடைசி முனை அந்த அறையின் சுவரில் பூட்டப்பட்டிருக்கும். இந்தப் பூட்டு அறைக்கு வெளியே நின்றே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. நெருக்கடியில் நங்கூரத்தையும் சங்கிலியையும் மொத்தமாகக் கடலில் விட்டுவிட்டுக் கப்பல் ஓட வேண்டிவரும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலிக்குப் பக்கத்தில் யாரும் போக முடியாது.

நங்கூரமிடும் வேலை காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொடங்குகிறது. இரண்டில் எது வலுவோ அதற்கு முகம் கொடுத்துக் கப்பல் மெல்ல வந்து நிற்கும். ஆழம் குறைவாயின் பிரேக்கைத் தளர்த்தி நங்கூரத்தை விழவிடலாம். ஆழம் கூடினால் விழும் வேகம் பிரேக்கையே எரித்துவிடும். அதனால் எந்திரத்தாலேயே கடலடிக்கு அருகே வரை இறக்கி, பிறகு விடுவார்கள். நங்கூரம் தரையைத் தொட்டதும் கப்பல் மிக மெதுவாகப் பின்வாங்க வேண்டும். நின்ற இடத்திலேயே விட்டால் சங்கிலி நங்கூரத்தின் மேல் குவியலாக விழுந்து சிக்கிக்கொள்ளும். வேகமாகப் பின்வாங்கினால் புதைவதற்குள் நங்கூரம் இழுபடும். முன்தளத்தில் நிற்கும் அதிகாரியும் போசன் எனப்படும் மாலுமித் தலைவரும் எத்தனை ஷேக்கிள் போயிற்று, சங்கிலி எந்தத் திசையில் நீள்கிறது என்று மேலே கப்பல் தலைவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சங்கிலி விறைத்து, பிறகு தானாகத் தளர்ந்து தொய்ந்தால் நங்கூரம் பிடித்துவிட்டது. விறைப்பும் தளர்வும் மாறிமாறி அதிர்வோடு வந்தால் இன்னும் பிடிக்கவில்லை.

அடிநிலம்

மணலும் இறுகிய களிமண்ணும் நல்ல பிடி தரும். சேறு மென்மையாக இருந்தால் அலகு இறங்கும், ஆனால் தாங்காது. பாறைதான் மோசம். அலகு நுழைய இடமில்லை. இடுக்கில் மாட்டினாலோ எடுக்க முடியாது. விழிஞ்ஞத்திலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரக் கடலில் ஆங்காங்கே பாறைத்திட்டுகள் உள்ளன. மீனவர்கள் இவற்றைப் பார் என்கிறார்கள். மீன் கூடும் இடம் அதுவே என்பதால் படகுகள் அங்கேதான் நிற்க விரும்பும். சிறு படகின் நங்கூரம் அதற்கேற்றது: நான்கைந்து இரும்புக் கம்பிகளை ஒரு தண்டின் அடியில் வளைத்துப் பற்றவைத்த கொக்கி. அது மண்ணில் புதையத் தேவையில்லை, கல்லில் மாட்டினால் போதும். மாட்டியதை விடுவிக்க அடிப்பகுதியில் தனிக்கயிறு ஒன்றைக் கட்டி வைத்தால், தண்டுப் பக்கம் வராத நங்கூரம் அடிப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். பாரின் மேல் நங்கூரத்தை இழுத்துப் பவளத்தையும் கடற்பாசியையும் உடைப்பது அந்த மீன்வளத்தையே அழிப்பதாகும். கூடியவரை திட்டின் ஓரத்து மணலில் போடுவதே நல்லது.

ஆழ்கடலில் நங்கூரத்துக்கு வேலை இல்லை. சுறா, சூரை தேடி நெடுந்தூரம் போகும் தூத்தூர் வட்டாரப் படகுகள் நிற்கும் நீரில் எந்தக் கயிறும் அடி எட்டாது. அங்கே உதவுவது கடல் நங்கூரம் எனப்படும் துணிக்கூம்பு. படகின் முன்னே நீருக்குள் விரிந்து நின்று, படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்திருக்கும். படகு ஒதுங்கிப்போவதை அது மட்டுப்படுத்துமே தவிர நிறுத்தாது.

இக்கரையில் நிற்பவர்களுக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. தெற்குப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் நெடிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து சேரும். கள்ளக்கடல் என்ற மீனவர் சொல்லை அறிவியலாளர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அத்தகைய அலை படகுகளை ஒன்றோடொன்று மோதவைக்கும். அதனால் எச்சரிக்கை நாளில் படகுகளுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டச் சொல்கிறார்கள்.

நங்கூரம் இழுபடும்போது

கப்பலுக்கு எவ்வளவு பெரிய நங்கூரம் வேண்டும் என்பதை அதன் நிறை, அகலம், காற்றுப் படும் பரப்பு ஆகியவற்றிலிருந்து ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கின் அடிப்படை பலருக்கும் தெரியாது. ஒதுக்கமான துறையில், தற்காலிகமாக, அலை இல்லாத நீரில் நிற்பதற்கே அது போடப்பட்டது. திறந்த கடலில் 2 மீட்டர் அலையும் வினாடிக்கு 11 மீட்டர் காற்றும் வந்தாலே அந்த எல்லை நெருங்கிவிடும். புயலில் நங்கூரத்தை நம்பி நிற்கும் கப்பல், அதற்கென்று செய்யப்படாத கருவியை நம்பி நிற்கிறது.

தமிழ்க் கரை இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. சரக்கும் ஆளும் மசூலா படகுகளில் கரையேறினர். சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்கள் 1746 அக்டோபரில் இப்படி நின்றபோதே புயலில் சிதைந்தன. 1761 ஜனவரி 1 அதிகாலை, புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற பிரிட்டிஷ் கப்பல்களைப் புயல் தாக்கியது. தளபதி ஸ்டீவன்ஸ் தம் கப்பலின் வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்குப் போய்த் தப்பினார். மற்றக் கப்பல்களில் சில மூழ்கின, சில கரையில் ஏறி உடைந்தன. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

250 ஆண்டுகளுக்குப் பின்னும் கடல் மாறவில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலின் நங்கூரம் இழுபட்டது. கப்பல் பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகள் சிலர் படகு கவிழ்ந்து இறந்தனர். கப்பலோ உடையவில்லை, நவம்பரில் அதை மீண்டும் மிதக்கவைத்து இழுத்துச் சென்றார்கள். கப்பல் பிழைத்து ஆட்கள் போன அந்தத் துயரம் தடுத்திருக்கக் கூடியது. புயல் வருமுன் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு விலகுவதுதான் 1761இலும் சரியான முடிவு, இன்றும் சரியான முடிவு.

இழுபடுவதை முதலிலேயே அறிவது கப்பலில் காவல் முறையில் இருக்கும் அதிகாரியின் கடமை. நங்கூரத்தை மையமாக வைத்து, சங்கிலியின் நீளமும் கப்பலின் நீளமும் சேர்ந்த அளவுக்குக் கப்பல் ஒரு வட்டத்தில் சுற்றி வரலாம். அந்த வட்டத்தைத் தாண்டினால் நங்கூரம் நகர்ந்துவிட்டது. செயற்கைக்கோள் இடங்காட்டி இதை உடனே சொல்லும். கரையின் விளக்குகளையும் குன்றுகளையும் திசைமானியில் குறித்து வைப்பது பழைய முறை. இன்றும் கைவிடாத முறை. நகர்வு தெரிந்ததும் எஞ்சினை இயக்கிச் சங்கிலியின் பாரத்தைக் குறைக்கலாம், மேலும் சங்கிலி விடலாம், இரண்டாவது நங்கூரத்தைப் போடலாம். சங்கிலியைச் சுருட்டி எடுக்க நேரம் பிடிக்கும். விண்ட்லஸின் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர் அளவுதான். எட்டு ஷேக்கிள் எடுக்க ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும் என்பதால், காற்று வலுக்கும்போது எஞ்சினைத் தயாராக வைத்திருப்பது முக்கியம்.

இழுபடும் நங்கூரம் தன் கப்பலுக்கு மட்டும் தீங்கு செய்வதில்லை. 2008 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் மத்தியதரைக் கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் கடலடி இணையக் கம்பிவடங்கள் அறுந்து, இந்தியாவிலும் இணையம் தடுமாறியது. வளைகுடாவில் அறுந்த இடத்தில் கைவிடப்பட்ட 5, 6 டன் நங்கூரம் ஒன்று கிடந்தது. கடல் வரைபடங்களில் கம்பிவடமும் எண்ணெய்க் குழாயும் போகும் இடங்களில் நங்கூரமிடத் தடை என்று குறிப்பிடுவது இதனால்தான்.

நங்கூரத்தில் நிற்கும் கப்பல் அதைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்று பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள் கூறுகின்றன. பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து. இரவில் முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு, பின்பக்கம் அதைவிடத் தாழ்வாக இன்னொரு வெள்ளை விளக்கு. 50 மீட்டருக்குக் குறைந்த கலங்களுக்கு ஒன்றே போதும். 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் தளம் முழுவதும் விளக்கேற்ற வேண்டும். மூடுபனியில் நிமிடத்துக்கொரு முறை 5 வினாடி மணி ஒலிக்க வேண்டும்.

பூவாறு, பொழியூர், விழிஞ்ஞம் கரைகளிலிருந்து இரவில் கடலுக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சிவப்பும் பச்சையும் இல்லாமல், உயரமும் தாழ்வுமாக இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தால் அந்தக் கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. அதன் முகப்புக்கு முன்னே 200 மீட்டருக்கும் மேல் நீருக்குள் சங்கிலி கிடக்கிறது. காற்று மாறினால் அந்தக் கப்பல் சங்கிலியோடு சுற்றித் திரும்பும். வலையை அந்த வட்டத்துக்கு வெளியே போடுங்கள்; கப்பலின் முன்பக்கமாகக் குறுக்கே போகாமல் பின்பக்கமாகச் சுற்றிச் செல்லுங்கள்.